இரண்டாவது பிரேக்

முந்நூற்று நாற்பத்தோராவது நாள், காலை ஆறு நாற்பது.

மூடிக் கிடந்த ஆலையின் மைதானத்தை ஒரு வெள்ளைக் கார் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவள் மாஸ்டரின் மனைவி. பக்கத்து இருக்கையில் மாஸ்டர். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் நிறுத்தலாம்.

எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். இருபத்தெட்டு வருடங்களில் நாலாயிரம் பேருக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். மனைவிக்கு மட்டும் இதற்கு முன் கற்றுக்கொடுத்ததில்லை. அவள் கேட்டதில்லை. அவரும் கூப்பிட்டதில்லை.

"மூணாவது கோன் வந்ததும் திருப்பு."

"தெரியும்."

"கண்ணாடிய பாரு."

"பாத்தாச்சு. நீங்க ரோட்ட பாருங்க. என் மூஞ்சிய ஏன் பாக்கறீங்க?"

"மூஞ்சிய பாத்தாத்தான் நீ எங்க பாக்கறேன்னு தெரியும்."

"இருபத்தாறு வருஷமா பாக்காத மூஞ்சி. இப்பத்தான் அவசரம்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அடுத்து, கார் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது பிளாஸ்டிக் கோன் பின்னால் போயிருந்தது. அது எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் உதடுகள் அசைந்தன. பிறகு சத்தம் வந்தது.

"...சும்மா போய்ட்டிருக்கறப்ப அப்படியா மிதிப்பாங்க? நெஞ்சு ஸ்டீயரிங்ல போய் இடிச்சுது. என்னன்னாவது சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. கட்டையைப் போல விறைத்திருந்தது. காலை எழும்பச் சொன்னார். அது எழும்பவில்லை. மறுபடி சொன்னார். எழும்பியது.

காரின் கடிகாரத்தில் ஆறு நாற்பத்திரண்டு.

"சைக்கிள்" என்றார்.

"எங்க?"

"குறுக்க வந்தான். போயிட்டான்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். மைதானத்தின் ஓரம் உடைந்த சுவர் வழியாக ஆட்கள் குறுக்கே போவது வழக்கம். சைக்கிள்களும் போகும்.

"நான் பாக்கவே இல்லையே" என்றாள்.

"கவனிக்கணும்."

"கவனிச்சிட்டுத்தானே இருந்தேன்."

அவள் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி கிளப்பினாள். அன்றைக்கு மிச்சமிருந்த சுற்றுகளை இரண்டாவது கியரிலேயே ஓட்டினாள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் குளியலறை வாசலில் மாஸ்டர் விழுந்தார். கை கால் இழுத்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு முறை வந்தது. வலிப்பு என்றார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விதி எளிமையானது. முந்நூற்று அறுபத்தைந்து நாள் எதுவும் வராமல் இருந்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஒன்று வந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

அன்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுக்காரர். அந்த மனிதர் பல் தேய்த்து, சட்டை போட்டு, சாவியைத் தேடி எடுத்து வரும்வரை மனைவி தரையில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாஸ்டரின் கார் சும்மா நின்றது. அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். சொன்னது எட்டு மாதம் கழித்து.

"ஓட்டக் கத்துக்கப் போறேன். சிரிச்சா சோறு கிடையாது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து சிரிப்பு தாமதமாகவே வந்தது, அல்லது வரவே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்குமோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும். அவ்வளவுதான். பொய் சொன்ன அன்று மதியம் அவர் தனக்குள் தேடிப் பார்த்தார். குற்ற உணர்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. பயம் இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

மைதானம் தனியார் இடம். போலீஸ் வராது. அதனால் காலையில் அவர் உட்கார முடிந்தது. மாலையில் ரோட்டு வகுப்பை மனைவியின் தம்பி எடுத்தான். டிரைவிங் ஸ்கூலில் அவன் பாதிப் பங்கு. வகுப்பில் மூச்சுக்கு மூச்சு கிளட்ச், கிளட்ச் என்று கத்துவான். படிக்க வருபவர்கள் அவனுக்குக் கிளட்ச் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்கும் தெரியும்.

ஸ்கூல் ஆபீசில் ஒரு வெள்ளைப் பலகை. அதன் மூலையில் தினமும் காலை கிளட்ச் ஓர் எண்ணை எழுதுவான். அன்று 341 எழுதினான்.

"இன்னும் இருபத்தி நாலு, மாமா. அப்புறம் இந்த மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க உக்காந்து உக்காந்து நாற்காலிக்கே முதுகு வலி வந்துடுச்சு."

புதிதாகச் சேர்ந்திருந்த கல்லூரிப் பெண் எண்ணைப் பார்த்தாள். "இந்த வருஷம் பாஸானவங்களா சார்?"

"இல்லம்மா. இவரு யாரையும் திட்டாம இருந்த நாளு" என்றான் கிளட்ச்.

மாஸ்டர் விண்ணப்பத்தில் அந்தப் பெண்ணின் பிறந்த தேதியை எழுதிக்கொண்டிருந்தார். அவரது எழுத்து நேராக இருந்தது.

மறுநாள் காலை மனைவி மைதானத்தில் ஐந்து முறை பிரேக் போட்டாள். ஐந்து முறையும் எதிரே எதுவும் இல்லை.

"அந்த சுவர் பக்கம் ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"காகிதம்."

"காகிதமா?"

"பறந்துச்சு."

"சரி."

அவள் காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையில் வேலை பார்த்தாள். வருபவர்களைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். சத்தம் கேட்கும்போது அழுத்த வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலை. சிலர் சத்தமே வராதபோதும் அழுத்துவார்கள் என்று முன்பு சொல்லியிருக்கிறாள். ஏமாற்றுகிறவர்கள் இல்லை, பயந்தவர்கள். எங்கே ஒன்றைத் தவறவிட்டுவிட்டோமோ என்று அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பரிசோதிப்பதுதான் கஷ்டம். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று கடைசிவரை தெரியாது.

"நானும் அந்தப் பொத்தான் கேஸா ஆயிட்டேன் போல" என்றாள், காரைப் பூட்டும்போது.

முந்நூற்று நாற்பத்து நான்காவது நாள் மாலை கிளட்ச் ஆபீசுக்குள் வந்து ஹெல்மெட்டை மேஜையில் வைத்தான். தண்ணீர் குடித்தான்.

"அக்காவுக்கு என்னாச்சு மாமா?"

"ஏன்?"

"மேம்பாலத்து மேல நட்டநடுவுல நிறுத்திட்டா. பின்னாடி பஸ். அந்த டிரைவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். கேட்டா சைக்கிள் வந்துச்சாம். மேம்பாலத்துல ஏது மாமா சைக்கிள்? போன வாரம் வரைக்கும் நம்ம ஸ்கூல்லயே அவ கண்ணுதான் சுத்தம். அடுத்த சந்துல இருக்கற நாய் கூட அவ கண்ணுல பட்டுடும். உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

மாஸ்டர் பேனாவை மூடினார். "கவனிக்கச் சொன்னேன்."

"அது எல்லாருக்கும் சொல்றதுதானே."

"ஆமா."

எட்டு வருடங்களுக்கு முன்னால் அவர்களிடம் இன்னொரு பயிற்சியாளன் இருந்தான். அவன் யாருக்கும் தெரியாமல் பக்கத்து பிரேக்கை மிதிப்பான். கார் குலுங்கி நிற்கும். "பாத்தியா, நாய்! இன்னும் உனக்குப் பத்து வகுப்பாவது வேணும்" என்பான். நாய் இருக்காது. மாஸ்டர் ஒரு நாள் பின் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவனை நடந்து போகச் சொன்னார்.

அன்று மாலை கிளட்சிடம் அவர் சொன்னது: "கை ஒடிஞ்சா ஒட்ட வச்சிடலாம்டா. தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துட்டா, அத எந்த டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவ?"

அந்தப் பயிற்சியாளனிடம் படித்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரம்மாவை மாஸ்டர் தானே எடுத்து மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாள் டெஸ்டுக்குப் போகவில்லை. கடைசியில் வகுப்புக்கும் வரவில்லை.

முந்நூற்று நாற்பத்தாறாவது நாள் நரம்பு டாக்டரிடம் போனார்கள். ஒவ்வொரு முறையும் மனைவியும் கூட வர வேண்டும். நோயாளிக்குத் தனக்கு வந்ததே தெரியாமல் போகலாம் என்பதால் டாக்டர் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பார்.

டாக்டர் மாஸ்டரின் கைகளை நீட்டச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு கோப்பைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

"ஏதாவது கவனிச்சீங்களா? வெறிச்சுப் பாக்கறது, பேச்சு பாதியில நிக்கறது, கை கால் விறைக்கறது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். கூப்பிட்டா பதில் வராது. ஆனா அது கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான்."

டாக்டர் சிரித்தார். "அதுக்கு மாத்திரை கிடையாதும்மா." மாஸ்டர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சு?"

மேஜையில் ஒரு மூளையின் பொம்மை இருந்தது. பாகம் பாகமாகக் கழற்றலாம். ஒரு பாகம் சரியாகப் பொருந்தாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

"நல்லது. இன்னும் பத்தொன்பது நாள். கடிதம் நானே தரேன்."

டாக்டர் எழுதினார். மனைவி மாஸ்டரின் முழங்கையைத் தொட்டாள். அவருக்குத் தொட்டது தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் தனியாகக் கண் டாக்டரிடம் போய்வந்தாள். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாளாம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம்.

"அதுதான் பயமா இருக்கு" என்றாள். "கண்ணுல கோளாறுன்னா கண்ணாடி போடலாம். கண்ணு நல்லா இருந்தும் ஒரு ஆளு குறுக்க வர்றது தெரியலன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

மாஸ்டர் மாத்திரை டப்பாவைத் திறந்து அன்றைய கட்டத்தில் இருந்ததை எடுத்தார்.

"அவன் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தான்?"

"யாரு?"

"அந்த சைக்கிள்காரன்."

"சுவர் பக்கத்துலேர்ந்து."

"என்ன சட்டை?"

"பாக்கல."

"நீங்களே பாக்கலயா?"

"நீலம்" என்றார். "நீலச் சட்டை."

அவள் தலையாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நீலச் சட்டையை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் மாத்திரையை விழுங்கினார்.

அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட் முந்நூற்று ஐம்பத்திரண்டாவது நாள், காலை பத்தரைக்கு. அதற்கு முந்தின நாள் மாலை அவள் வேலை முடிந்து வந்து, கை கழுவி, உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தாள்.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நான் வரலன்னு."

"டெஸ்டுக்கா?"

"ஆமா."

"ஏன்?"

"எதுக்கு இப்ப? இன்னும் பதினாலு நாள்ல உங்களுக்குக் கைக்கு வந்துடும். நீங்க ஓட்டுங்க. நான் பழைய மாதிரி பக்கத்துல உக்காந்து குறை சொல்லிட்டு வரேன். அதுல எனக்கு லைசென்ஸ் தேவையில்ல."

அவள் சிரித்தாள். ஒரு பாரம் இறங்கியவளைப் போல இருந்தாள். உருளைக்கிழங்கின் தோல் ஒரே நீள இழையாக வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் வாயே திறக்க வேண்டாம். பதினாலு நாள் சும்மா இருந்தால் போதும். பிறகு ஓட்டுநர் இருக்கை, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு அடுத்த ஆள், எல்லாம் திரும்பிவிடும். அவர் தனக்குள் மறுபடி தேடினார். சந்தோஷம் இருக்கிறதா என்று. அந்த இடம் காலியாக இருந்தது.

"வெங்காயம் இல்ல. வரீங்களா, முக்குக் கடை வரைக்கும்?"

போனார்கள். கடை தெருவின் எதிர்ப்பக்கம். சின்னத் தெரு. பகலில் கூட நாலு வண்டி வந்தால் அதிகம். மனைவி ஓரத்தில் நின்றாள். இரு பக்கமும் பார்த்தாள். தெரு முழுக்க வெறுமையாக இருந்தது. அவள் இறங்கவில்லை. மறுபடி பார்த்தாள். கையை நீட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏதாவது வருதா?"

"இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"ஒண்ணும் வரல."

"சரி" என்றாள். ஆனாலும் நின்றாள். அவர் முதல் அடி வைத்த பிறகுதான் வந்தாள். பாதித் தெருவில் நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். சட்டைக் கையை விடவே இல்லை.

பதினைந்து வருடமாக அந்தத் தெருவை அவள் ஃபோனில் பேசிக்கொண்டே கடந்தவள்.

கடைக்காரர் வெங்காயத்தை எடை போட்டார். அவருக்குக் கை சும்மா இராது, வாயும்தான். "என்ன மாஸ்டர், வீட்டம்மா லைசென்ஸ் வாங்கிட்டா நாங்கள்லாம் ரோட்ட விட்டு ஓடணுமாமே?"

மனைவி சிரிக்கவில்லை. "பயப்படாதீங்க. நான் ஓட்டல" என்றாள்.

திரும்பும்போதும் அப்படியே நின்றாள். அப்படியே கேட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாஸ்டர் சமையலறைக்கு வந்தார். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளை மேஜையில் வைத்தார்.

"அன்னிக்கு சைக்கிள் எதுவும் வரல."

"என்னிக்கு?"

"மைதானத்துல. நான் பிரேக் போட்ட அன்னிக்கு."

"பின்ன, நாயா?"

"எதுவும் வரல. எனக்குத்தான் வந்துச்சு."

அவள் திரும்பினாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்தாள்.

"என்ன வந்துச்சு?"

"பழையபடி. விழல. இழுக்கல. கால் மட்டும் விறைச்சுது. பிரேக் மேல இருந்துச்சு. அதனால வண்டி நின்னுது."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. ரெண்டு நிமிஷத்துக்குள்ள."

"நான் உங்களத் திட்டிட்டிருந்தேன்."

"கடைசிக் கொஞ்சம் கேட்டுச்சு."

அவள் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீலச் சட்டை?"

"பொய்."

"காகிதம்?"

"காகிதம் நிஜம். அது மறுநாள்."

"டாக்டர் முன்னாடி உக்காந்து நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ஜோக் வேற அடிச்சேன்."

"ஆமா."

"என் வாயாலயே சொல்ல வச்சீங்க."

"ஆமா."

"கண்ணு டாக்டர்கிட்ட போய் சின்னப் புள்ள மாதிரி எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பதினோரு நாளா தூங்கல. கண்ண மூடினா ஒருத்தன் சைக்கிளோட குறுக்க வந்து விழறான். நீலச் சட்டையில."

"ஆமா."

"ஆமா ஆமான்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டாதீங்க. பத்திக்கிட்டு வருது."

அவர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

அவள் துணியைத் தொட்டியில் எறிந்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் திறந்தது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. மாஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வழிந்தது போக மிஞ்சிய டீயின் மேல் ஆடை படிந்தது. மேல் வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்தினார்கள். தண்ணீர் நின்றது. கதவு திறக்கவில்லை. மறுபடி தண்ணீர் ஓடியது.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். வேலைக்குப் போகும் உடை உடுத்தியிருந்தாள்.

"கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டரை."

"அப்ப பேசுங்க. என் முன்னாடி. ஸ்பீக்கர்ல போட்டு."

எட்டரைக்குப் பேசினார். எடுத்தவள் வரவேற்பில் இருக்கும் பெண். அவர் சொன்னார். தேதி, நேரம், எத்தனை நிமிடம், எந்தக் கால். மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம் கேட்டது.

"ஆறாம் தேதி... சரி சார். டாக்டர் வந்ததும் சொல்லிடறேன். மாத்திரை அளவு மாத்துவாங்க, இன்னிக்கே கூப்பிடுவாங்க. எண்ணிக்கையும் புதுசா போட்டுடறேன்." சற்று நின்றாள். "அப்போ இன்னிக்குப் பதினொண்ணு சார்."

"பதினொண்ணு" என்றார் மாஸ்டர்.

"வேற ஏதாவது இருக்கா சார்?"

"இல்லம்மா."

மனைவி தன் கைப்பையை எடுத்தாள். "கிளம்புங்க. டெஸ்டுக்கு முன்னாடி நாலு சுத்து ஓட்டணும்."

மாஸ்டர் ஃபோனில் வரச் சொன்னபடி கிளட்ச் மைதானத்துக்குக் காரைக் கொண்டுவந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக இறங்கினான்.

"மனசு மாறிட்டியா? எனக்குத் தெரியும். நம்ம குடும்பத்துல பின்வாங்கற..."

"டேய். உன் மாமாவுக்கு மறுபடி வந்துடுச்சு."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். "எப்ப?"

"பதினோரு நாள் ஆச்சு" என்றார் மாஸ்டர். "இந்த வண்டியிலதான். பிரேக்க நான் மிதிச்சேன். சைக்கிள்னு சொல்லிட்டேன்."

கிளட்ச் காலால் ஒரு கல்லைத் தள்ளினான். மாஸ்டர் பின் இருக்கையிலிருந்து பார்த்த அந்தப் பழைய பயிற்சியாளனை அவனும் நினைத்திருக்கலாம். சாவியை அக்காவின் கையில் வைத்தான்.

"மேம்பாலத்துல அந்த பஸ் டிரைவர் திட்டினதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது மாமா" என்றான். "ஒண்ணு ஒண்ணா அப்புறம் சொல்றேன். டீ குடிச்சிட்டு வரேன்."

நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் பின்கதவைத் திறந்தார்.

"அங்க எங்க போறீங்க?"

"பின்னால உக்காந்துக்கறேன். காலு பிரேக் பக்கம் இருக்க வேண்டாம்."

"முன்னாடி வாங்க. கால மடக்கி மேல வச்சுக்குங்க. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கடைசி வகுப்புல அப்படித்தானே உக்காருவீங்களாம்?"

அது உண்மைதான். ஒருவர் தயாராகிவிட்டார் என்றால் மாஸ்டர் கடைசி நாள் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். சிலர் சிரிப்பார்கள். ஒரு பேராசிரியர் அழுதிருக்கிறார். அதை அவர் வீட்டில் சொன்னதில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றினார். முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஒரு காலைக் கையால் தூக்கி மடித்து வைக்க வேண்டியிருந்தது. பெல்ட்டைப் போட்டார். இரண்டு பெடல்களும் கீழே தனியாக இருந்தன.

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்ச் பெடலை விட்டாள். கார் நகர்ந்தது.

முதல் சுற்றில் மூன்றாவது கியர். திருப்பத்துக்கு முன்னால் இரண்டாவது. அவள் முகத்தைப் பார்த்தார். கண்கள் கண்ணாடிக்குப் போயின, சுவருக்குப் போயின, தூரத்துக்குப் போயின, மறுபடி கண்ணாடிக்கு. தாடை இறுகியிருந்தது. சுவர் அருகே கால் பிரேக்கைத் தேடியது. மிதிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் தூரத்தில் ஒரு மனிதர் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முதுகு அவர்கள் பக்கம். மாஸ்டர் அவரைக் கவனிக்கும் முன்பே அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். லேசாக ஹாரன் அடித்தாள். அந்த மனிதருக்குக் கேட்கவில்லை. அவள் இன்னும் குறைத்து, அகலமாக விலகி, அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"இந்த ஆளு நிஜமா?" என்றாள்.

"நிஜம்."

"சட்டை?"

"நீயே சொல்லு."

"சட்டையில்ல. பனியன். பின்னாடி கிழிஞ்சிருக்கு."

தொடைக்கு அடியில் அவருடைய வலது கால் துடித்தது. அந்த மனிதரைத் தாண்டிய பிறகும் துடித்தது. அது என்னவென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பயம். கார் ஓடுகிறது, அவரால் அதை நிறுத்த முடியாது என்ற பயம். பதினோரு மாதமாக இது வரவில்லை. நாலாயிரம் பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் வந்ததில்லை. உள்ளங்கைகள் ஈரமாயின. அவற்றை முழங்கால்களில் துடைத்தார். முழங்கால்களின் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

அவள் மூன்றாவது சுற்றைத் தொடங்கினாள். வெயில் ஆலையின் உடைந்த கண்ணாடிகளில் பட்டது. சூரியத் தடுப்பை இறக்கிக்கொண்டாள். ஒரு கை, பிறகு உடனே இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேளு."

திருப்பம் வந்தது. கியரைக் குறைத்தாள். திருப்பினாள். ஸ்டீயரிங் அவள் கைக்குள் நழுவி நேரானது.

"அந்த ரெண்டு நிமிஷம் எங்கயோ போயிருந்தீங்களே, பக்கத்துல நான் இருக்கேன்னாவது தெரிஞ்சுதா?"